மேகத்துக்கு எத்தனை சென்டிமீட்டர்

தாம்சன், மனிடோபா.
மார்ச் பிறந்தும் மைனஸ் இருபத்திரண்டு.
துடைப்பக் கட்டையை ஒரு மீட்டருக்கு அறுத்து
பள்ளி முற்றத்துப் பனியில் நட்டோம்.
பனி அமுங்க அமுங்கக் கட்டை வளர்ந்தது.
வளர்கிற கோலை வைத்து எதை அளப்பது?
வாளியில் மணலைக் கொட்டி, அதில் நட்டுத் தந்தார்
கொதிகலன் அறை லியோனார்ட்.
"இனி வளராது" என்றார், உத்தரவாதம் போல.

கென்யாவில், நகுருவில்,
இன்னொரு ஐந்தாம் வகுப்பும் ஒரு மீட்டர் நட்டிருக்கிறது.
அவர்கள் உச்சிவெயிலில் நிற்கும்போது
எங்கள் பிள்ளைகள் போர்வைக்குள்.
எங்கள் நிழல் விழும்போது அவர்கள் உறக்கத்தில்.
நடுவே ஒரு தாள்,
இரண்டு ஊருக்கும் பொதுவாய்த் திரையில் விரிந்து கிடக்கிறது.
தேதி. வானம். நிழல்.
எங்கள் கர்சர் ஊதா. அவர்களுடையது பச்சை.

முகம் பார்த்துப் பேசலாமே என்றார்கள். ஒருமுறை பேசினோம்.
அந்தப் பக்கம் பாதி நெற்றி, ஒரு ஜன்னல்,
திறந்தபடி உறைந்துபோன ஒரு வாய்.
தாளே போதும் என்றாகிவிட்டது.

காலை எட்டு ஐம்பது.
எங்கள் முதல் மணியும் அவர்களின் கடைசி மணியும்
உரசிக்கொள்ளும் அந்தக் கால்மணி நேரம்
இரண்டு கர்சர்களும் ஒரே தாளில் உலவும்,
ஒரே வாசலில் செருப்பைக் கழற்றுகிற
அறிமுகமில்லாதவர்கள் போல, இடித்துக்கொள்ளாமல்.

பதினொன்றாம் தேதி வெயிலே வரவில்லை.
வானம் என்ற கட்டத்தில் டாரியஸ் "மேகம்" என்று எழுதினான்.
நிழல் என்ற கட்டத்தில் ரெய்லீன் ஸ்பென்ஸ்
169 என்று எழுதினாள்.

நான் கவனிக்கவில்லை. பச்சை கவனித்தது.

மறுநாள் காலை அது 169இன் மேல் வந்து நின்றது.
அழிக்கவில்லை. சிமிட்டிக்கொண்டே இருந்தது.
பிறகு ஓரத்தில் ஒரு குறிப்பு:
"மேகத்துக்கு எத்தனை சென்டிமீட்டர்?
– செப்கோயிச், ஐந்து பி."

வகுப்பு சிரித்தது. டாரியஸ் நாற்காலியோடு சாய்ந்தான்.
ரெய்லீன் சிரிக்கவில்லை.
"முந்தாநாளுக்கு முதல்நாள் 175, முந்தாநாள் 172.
மூன்று மூன்றாய்க் குறைகிறது, மிஸ்.
169தான் வரும்."

கணக்கு சரி.
அதுதான் சிக்கல். கணக்கு அவ்வளவு சரி.
என்ன சொல்வதென்று தேடிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் அவளே விசையைத் தொட்டாள்.
முதலில் ஒன்பது போனது.
ஆறு.
சற்று நிறுத்தி, ஒன்று.
எட்டு மணிநேரத்துக்கு அப்பால்
முப்பது பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பச்சை ஒரு கட்டம் கீழே இறங்கியது.
தன் வரிசைக்கே போய், பிப்ரவரியில் ஒரு மழைநாளின்
52ஐ அழித்தது.

யாரும் ஒன்றும் எழுதவில்லை. மணி அடித்தது.

மார்ச் இருபது.
அன்று நகுருவில் சூரியன் நேர் உச்சியில்.
நாலே முக்காலுக்கு எழுந்துவிட்டேன்.
தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு
சமையலறை இருட்டில் லேப்டாப்பைத் திறந்தேன்.
பச்சை ஏற்கெனவே அங்கிருந்தது.

0 என்று எழுதியது.
அழித்தது.
(யாரோ முட்டி போட்டுக் குனிந்திருக்க வேண்டும்,
யாரோ அளவுகோலைப் பிடுங்கியிருக்க வேண்டும்.)
"கோலுக்குள்ளேயே போய்விட்டது" என்று எழுதியது.
அதையும் அழித்தது.
நெடுநேரம் சும்மா நின்றது.

பிறகு: 0.5

ஒன்பது மணிக்கு ரெய்லீன் அதைப் பார்ப்பாள்.
மதியம் வாளியருகே போய் எங்கள் நிழலை அளப்பாள்,
வெயில் வந்தால்.
கெட்டில் கூவியது. திரும்பினேன்.
திரை வெளிச்சத்தில் என் நிழல்
குளிர்பெட்டியின் மேல் ஏறி, கூரையில் மடிந்து,
அவர்கள் முற்றத்தில் இல்லாத நீளமெல்லாம்
இங்கே வந்து நின்றது.

அதற்குத் தாளில் கட்டம் இல்லை.
அடுப்பை அணைத்தேன்.